கையைத் தூக்காத படங்கள்

என் முதல் பொய் ஒரு பச்சை நிறக் கவுனைப் பற்றியது. அதைப் பொய் என்றுகூடச் சொல்ல முடியாது. எழுதியதில் ஒரு வரியும் தவறில்லை. நிறம் அழகு என்று எழுதினேன், அழகாகத்தான் இருந்தது. துணி மெத்தென்று விழுகிறது என்றேன், விழுந்தது. ஆனால் படம் எடுக்கும்போது கையைத் தூக்கியதும் வலது கைக்குழியில் டர்ரென்று ஒரு சத்தம். நான்கு விரற்கடை நீளத்துக்குத் தையல் விட்டிருந்தது. ஊக்கு குத்திச் சரிசெய்துகொண்டு, மீதிப் படங்களையெல்லாம் கையைத் தொங்கவிட்டபடியே எடுத்து முடித்தேன். இடுப்பு தொளதொளவென்று கிடந்ததால் முதுகுப்பக்கம் துணி காயப்போடும் கிளிப்புகள் மூன்று. முன்னாலிருந்து பார்த்தால் எனக்கென்றே அளவெடுத்துத் தைத்ததுபோல இருந்தது.

அப்போது எனக்குப் பதினைந்து வயது. உடைகளைப் பற்றி வலைப்பூவில் எழுதத் தொடங்கி ஓராண்டு ஆகியிருந்தது. அந்தக் கவுன் இலவசமாக வந்தது. இலவசமாக வந்தது என்பதை நான் எழுதவில்லை. எழுதாதே என்று யாரும் சொல்லவில்லை. எழுது என்றும் யாரும் சொல்லவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவள் என்னைவிட ஒரு வயது சிறியவள். "அக்கா, நீங்கள் போட்டிருந்ததைப் பார்த்துத்தான் அந்தக் கவுனை வாங்கினேன். சேர்த்து வைத்திருந்த பணம். முதல் நாளே கைக்குழியில் கிழிந்துவிட்டது. நான் குண்டாக இருப்பதால்தான் கிழிந்ததா?"

பணம் போனதைவிட அந்தக் கடைசிக் கேள்விதான் என்னைத் தூங்கவிடவில்லை. தையல் மோசம். தைக்கச் சொன்னவர்கள் நூலில் மிச்சம் பிடித்திருக்கிறார்கள், விளிம்பில் கால் அங்குலம்கூட விடவில்லை. ஆனால் பழி அவள் உடம்பின் மேல் விழுந்துவிட்டது. அங்கே கொண்டுபோய் வைத்தது நான் மறைத்த ஊக்கு. ஒல்லியான எனக்கே கிழிந்தது என்று ஒரு வரி எழுதியிருந்தால் அவள் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவே மாட்டாள்.

இந்த வேலையில் நேர்மையைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே எல்லோரும் ஒரே இடத்துக்குத்தான் வந்து நிற்பார்கள்: பணம் வாங்கினால் வாங்கினேன் என்று சொல்லிவிடு. சரிதான், சொல்லத்தான் வேண்டும். அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2009இலேயே வலைப்பூ எழுதுகிறவர்களையும் சேர்த்து விதிகளைத் திருத்தியது. பணமானாலும் இலவசப் பொருளானாலும், கொடுத்தவருக்கும் எழுதுகிறவருக்கும் உள்ள தொடர்பை வாசகருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது அதன் சாரம். இப்போது நானும் முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்லத் தொடங்கிய பிறகுதான் ஒன்று உறைத்தது. 'இது இலவசமாக வந்தது' என்று முதல் வரியில் எழுதிவிட்டு, அதற்குக் கீழே தாராளமாக ஊக்கை மறைக்கலாம். அந்த ஒரு வரி என்னைத் தடுக்காது. எனக்குக் கிடைத்த கூலி புகழ்ந்து எழுதியதற்கு என்றுதான் நினைத்திருந்தேன். கணக்குப் பார்த்தால், எழுதாமல் விட்டதற்குத்தான் கூலி வந்திருக்கிறது.

இதை முதலில் கண்டுபிடித்தது அம்மா. அப்போது எனக்குச் சட்டப்படி வயது வராததால் ஒப்பந்தங்களில் கையெழுத்துப் போட்டது அவள்தான். நான் தேதியும் தொகையும் மட்டும் பார்ப்பேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பாள். (ஏன் அப்படி என்று கேட்டால், "முக்கியமானதை எப்போதும் கடைசியில்தானே ஒளித்து வைப்பார்கள்" என்பாள். இதுவரை அவள் சொன்னது தப்பியதில்லை.) ஒருமுறை விரலை ஒரு வரியில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "நிறுவனத்தின் பெயருக்குக் குந்தகம் வரும்படி எதுவும் எழுத மாட்டேன் என்று இருக்கிறதே, அது எவ்வளவு நாளைக்கு?" நான் முழித்தேன். ஒப்பந்தத்தில் கால வரையறையே இல்லை. எனக்கு எழுபது வயதானாலும் அந்தக் கம்பெனியின் சட்டையைக் குறை சொல்லக் கூடாது. "உன் வாயை வாடகைக்குக் கேட்கவில்லை, கிரயத்துக்குக் கேட்கிறார்கள்" என்று சொல்லிவிட்டுப் பேனாவை மூடினாள்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் இப்படிக் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கும் அம்மா வாய்ப்பதில்லை. பெற்றவர்களே பிள்ளையின் முகத்தை விற்றுப் பிழைக்கும் வீடுகளும் உண்டு. பிரான்ஸ் 2020இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது: பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இணையக் காணொளிகளில் சம்பாதித்தால், அதில் ஒரு பகுதியைத் தவிர மீதியை அவர்கள் வயதுக்கு வரும்வரை பொது வைப்பு நிதியில் போட்டுவைக்க வேண்டும். தன் படங்களை எடுத்துவிடச் சொல்லும் உரிமையும் பிள்ளைக்கு உண்டு. அந்த இரண்டாவது விதிதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. பதினான்கு வயதில் நான் போட்ட சில படங்களைப் பதினெட்டு வயதில் பார்க்கும்போது, பணத்தை யார் வைத்துக்கொண்டாலும் பரவாயில்லை, படத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றுதான் தோன்றுகிறது.

படத்தைத் திருத்துவதைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. நானும் செய்திருக்கிறேன். ஒரு படத்தில் இடுப்பைக் கொஞ்சம் உள்ளே தள்ளினேன். கூடவே பின்னாலிருந்த கதவு நிலையும் வளைந்துவிட்டது. ஆசாரி இழைத்த மரம் என் இடுப்புக்கு மரியாதை செய்து விலகி நிற்கிறது! ஆயிரக்கணக்கானோர் பார்த்தார்கள், ஒருவரும் கதவைப் பார்க்கவில்லை. நார்வேயில் 2022 ஜூலை முதல், விளம்பரப் படங்களில் உடலின் வடிவத்தையோ அளவையோ தோலையோ மாற்றியிருந்தால் அதற்கென அரசு வகுத்த முத்திரையைப் போட்டாக வேண்டும். காசு வாங்கிப் படம் போடுகிற என்னைப் போன்றவர்களுக்கும் அது பொருந்தும். அந்த முத்திரை இங்கேயும் வந்தால் என் பழைய படங்களில் பாதிக்கு மேல் முத்திரைதான் இருக்கும்.

இனி சொல்லப்போவதை எழுதலாமா என்று பல மாதம் தயங்கினேன். பொட்டலம் பிரித்ததும் உடையை உள்வெளியாகத் திருப்பிப் பார்க்கும் பழக்கத்தைச் சித்தி கற்றுக்கொடுத்தாள். அவள் தையல்காரி. "முகத்தைப் பார்த்து ஏமாறாதே, முதுகைப் பார்" என்பது அவள் பாடம். அப்படி ஒரு சாம்பல் நிறச் சட்டையைத் திருப்பியபோது, பக்கவாட்டு ஓவர்லாக் தையலுக்குள் ஒரு முடி சிக்கியிருந்தது. நூல் என்று நினைத்து இழுத்தேன், வரவில்லை. கறுப்பாக, என் கூந்தலைவிட நீளமாக, பின்னலிலிருந்து நழுவிய முடி. தையலோடு தையலாக நான்கு அங்குலம் ஓடி மறைந்தது. அதுவரை 'தயாரிப்பு' என்றால் எனக்கு உடையின் உள்ளே தைத்த சீட்டில் அச்சடித்த ஒரு நாட்டின் பெயர். அன்றைக்குத்தான் இயந்திரத்தின் முன்னால் குனிந்திருக்கும் ஒரு தலை தெரிந்தது. முடியைக் கட்டிக்கொள்ளக்கூட நேரமில்லாமல் உட்கார்ந்திருந்தவளோ என்னவோ.

அதற்குப் பிறகு படித்தவை இன்னும் மனத்தை விட்டுப் போகவில்லை. 1911 மார்ச் 25ஆம் நாள் நியூயார்க்கில் டிரையாங்கிள் என்ற ரவிக்கைத் தொழிற்சாலை (சேலைக்குப் போடுவதல்ல, பாவாடைக்கு மேல் போடும் சட்டைபோன்ற ரவிக்கை) எரிந்து 146 பேர் செத்தார்கள். பெரும்பாலோர் இளம்பெண்கள், மிகச் சிறியவர்களுக்கு வயது பதினான்கு. நான் எழுதத் தொடங்கிய அதே வயது. படிக்கட்டுக் கதவு பூட்டியிருந்தது. அங்கே தைத்ததோ, அந்தக் காலத்தில் வீட்டைவிட்டு வேலைக்குப் போன புதுமைப் பெண்களின் அடையாளமாக இருந்த ரவிக்கை. ஒருத்தியின் விடுதலைக்கான உடையை இன்னொருத்தி பூட்டிய கதவுக்குப் பின்னால் தைத்திருக்கிறாள்.

நூறாண்டு கழித்து, 2013 ஏப்ரல் 24ஆம் நாள், வங்கதேசத்தின் ராணா பிளாசா. எட்டு மாடிக் கட்டடம். முந்தின நாளே சுவரில் விரிசல் கண்டது. கீழ்த்தளத்துக் கடைகளையும் வங்கியையும் மூடிவிட்டார்கள்; மேலே தைக்கிறவர்களை மட்டும் மறுநாள் வேலைக்குக் கூப்பிட்டார்கள். கட்டடம் இடிந்து 1,134 பேர் இறந்தார்கள், அவர்களில் பெண்களே அதிகம். யாருக்காகத் தைத்தார்கள் என்பதை நிறுவ, இடிபாடுகளுக்குள் உடைகளின் சீட்டுகளைத் தேடிப் பொறுக்க வேண்டியிருந்தது. கழுத்தை உறுத்துகிறது என்று நான் கத்திரித்து எறிகிற அதே சீட்டு.

இந்த நிலையில்தான் ஒரு நிறுவனத்திடமிருந்து மார்ச் 8 மகளிர் தினத்துக்காகப் பனியன் ஒன்று வந்தது. நெஞ்சில் பெண்ணுரிமை வாசகம். போட்டுக்கொண்டு படம் எடுத்து, 'பெண்களைக் கொண்டாடுவோம்' என்று எழுத வேண்டும். நல்ல தொகை. நான் இரண்டு கேள்விகள் மட்டும் எழுதி அனுப்பினேன். இதைத் தைத்தது எந்தத் தொழிற்சாலை? அங்கே ஒரு நாள் கூலி என்ன? 'விசாரித்துச் சொல்கிறோம்' என்று மறுநாளே பதில் வந்தது. அவ்வளவுதான். மார்ச் 8 போய்விட்டது, அந்த வாய்ப்பும் போய்விட்டது. அதே பனியனை வேறொரு பெண் போட்டுக்கொண்டு சிரித்த படத்தைப் பார்த்தேன். அவள் மேல் எனக்குக் கோபமில்லை. கேள்வி கேட்டதற்காக நான் பெருமைப்படவும் இல்லை. போன தொகையை நினைத்து இரண்டு நாள் வயிற்றெரிச்சல்தான்.

உடையைப் பற்றி எழுதுகிறவளுக்குப் பெண்ணுரிமை பேச என்ன தகுதி என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். உடைதான் அற்பமாயிற்றே! பாரிஸ் காவல் துறை 1800இல் ஓர் ஆணை போட்டது: ஆண் உடை அணிய விரும்பும் பெண் காவல் நிலையத்தில் அனுமதி பெற வேண்டும். பிறகு பெரிய மனது பண்ணி, கையில் சைக்கிள் பிடியோ குதிரைக் கடிவாளமோ இருந்தால் கால்சட்டைக்குத் தடையில்லை என்று தளர்த்தினார்கள். அந்த ஆணை செல்லாது என்று பிரான்ஸ் அமைச்சர் ஒருவர் அறிவித்தது 2013இல். அற்பமான விஷயத்துக்கா இருநூறு ஆண்டு காவல்?

சிறுமி என்பதாலும் ஏளனம் உண்டு. அமெரிக்காவின் டாவி கெவின்சன் 2008இல் உடைகளைப் பற்றி வலைப்பூ தொடங்கியபோது அவருக்குப் பதினொரு வயது. பதின்மூன்று வயதில் பாரிஸ் ஆடைக் காட்சியில் தலையில் பெரிய ரிப்பன் முடிச்சோடு உட்கார்ந்தபோது, பின்வரிசைக்கு மறைக்கிறது என்ற புகார் உலகச் செய்தியானது. பெரியவர்களுக்கு மறைத்தது ரிப்பன்தானா என்பது எனக்கு இன்னும் சந்தேகம். அவர் பதினைந்து வயதில் பெண்பிள்ளைகளுக்கென்றே ஓர் இணைய இதழ் தொடங்கி, 2018வரை நடத்தினார்.

முன்பின் தெரியாத ஆண்கள் அனுப்பும் செய்திகளைப் பற்றி எழுதப்போவதில்லை. அவை எல்லாப் பெண்களுக்கும் வருகின்றன. நான் எந்த உடை போட்டிருந்தாலும் வருகின்றன என்பதை மட்டும் நான்காண்டுப் படங்களைச் சான்றாக வைத்துச் சொல்ல முடியும்.

கவுன் வாங்கிய பெண்ணுக்கு அன்றிரவே பதில் எழுதினேன். எனக்கும் கிழிந்தது என்று எழுதி, ஊக்குக் குத்தியிருந்த கைக்குழியைப் படம் எடுத்துச் சேர்த்தேன். வலைப்பூவிலும் அதைப் போட எனக்கு இன்னும் ஏழு மாதம் பிடித்தது. அவள் பதில் ஒரே வரி: "அப்படியானால் தைத்துப் போட்டுக்கொள்கிறேன் அக்கா."

இப்போதெல்லாம் ஒவ்வொரு உடைக்கும் மூன்று படங்கள் கட்டாயம். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி ஒன்று. கிளிப் போட்டிருந்தால் முதுகுப்பக்கம் ஒன்று. உள்வெளியாகத் திருப்பி, தையலும் சீட்டும் தெரிய ஒன்று. வரும் பொட்டலங்கள் பாதியாகக் குறைந்துவிட்டன. நேற்று வந்தது ஒரு நீலக் கால்சட்டை. பக்கத்தில் பைபோல மடிப்பு வைத்துத் தைத்திருந்தது. பிரித்துப் பார்க்கலாம் என்று சித்தியிடம் கொடுத்தேன். கத்திரி முனையால் இரண்டு தையலை நெம்பிவிட்டு, விரலை விட்டுத் துழாவினாள். உள்ளே பை இல்லை.

"இதையும் எழுதுவாயா?" என்று கேட்டபடியே, தன் துணிமூட்டையில் நீலத் துண்டு இருக்கிறதா என்று தேடத் தொடங்கினாள்.