செந்தூல் கதைகளை விற்ற கதை

கோலாலம்பூரில் தமிழ்ப் புத்தகம் போட்டால் அதை விற்பதும் பெரும்பாலும் எழுதியவர் வேலைதான். என்னுடையது செந்தூல் ரயில்வே குவார்ட்டர்ஸ் வாழ்க்கையைச் சொல்லும் சிறுகதைத் தொகுப்பு. 500 பிரதி அச்சிட்டேன், விலை 25 வெள்ளி (ரிங்கிட்).

காகித வேலை சுலபம். ஐ.எஸ்.பி.என் எண்ணைத் தேசிய நூலகம் இலவசமாகவே தருகிறது. அச்சான பிறகு 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி 5 பிரதிகளை அங்கே ஒப்படைக்க வேண்டும்.

அப்புறம் நம்மூர் வழக்கப்படி வெளியீட்டு விழா. தமிழ் வாழ்த்து, வரவேற்புரை, வாழ்த்துரை, ஆய்வுரை, பின்னால் மீகூன் என்கிற அரிசி சேமியாவும் தேநீரும். முதல் நூலை டத்தோ பட்டம் பெற்ற பிரமுகர் ஒருவர் பண உறை கொடுத்துப் பெற்றுக்கொண்டார். அவருக்குப் பின்னால் சொந்தக்காரர்களும் நண்பர்களும் வரிசையில் வந்து 50, 100 என்று வைத்தார்கள். அச்சுச் செலவு அன்றே கைக்கு வந்துவிட்டது. இந்த வழக்கத்தைக் கிண்டல் செய்பவர்கள் உண்டு, நான் செய்ய மாட்டேன். முன்பணம் கொடுக்கப் பதிப்பகம் இல்லாத இடத்தில் இந்த மொய்தான் முன்பணம். உறை வைத்தவர்களில் எத்தனை பேர் புத்தகத்தைப் பிரித்தார்கள் என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது.

நாளிதழில் செய்தியும் வந்தது. படத்தில் டத்தோவும் மாலையும் பளிச்சென்று தெரிந்தார்கள், புத்தக அட்டை யாருடைய முழங்கைக்கோ பின்னால் இருந்தது. ஒரு கடையில், விற்ற பிறகு கணக்கு என்று சில பிரதிகளை வைத்தேன். போய்க் கேட்டால் ‘முதலாளி ஊரில் இல்லை’ என்றார்கள். இன்னும் அவர் ஊர் திரும்பவில்லை.

புத்தகக் கட்டுகள் கரைந்தது வேறு வழியில். செந்தூலில் வளர்ந்து, இன்று பூச்சோங், ரவாங் என்று சிதறிக் கிடப்பவர்களின் புலனக் (வாட்ஸ்அப்) குழு ஒன்று இருக்கிறது. புத்தகம் வாங்குங்கள் என்று அதில் போட்டால் காலை வணக்கப் படங்களோடு அதுவும் ஓடிவிடும். ஆகவே ஒரு கதையிலிருந்து ஒரு பத்தியை மட்டும் போட்டேன்: ரயில்வே பட்டறைச் சங்கு ஊதியதும் சைக்கிள்கள் கள்ளுக்கடைப் பக்கம் திரும்பும் காட்சி. உடனே கடை எங்கே இருந்தது என்று சண்டை.

“தம்பி, கடை பாலத்துக்கு அந்தப் பக்கம்லா” என்று ஓய்வுபெற்ற ஃபிட்டர் ஒருவர் குரல் பதிவு அனுப்பினார்.

“அது கதைதானே அண்ணே.”

“கதைன்னா பாலம் நகர்ந்துருமா?”

குழுவே அவர் பக்கம். அவரே பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்று வாங்கினார்.

அதன் பிறகு வாரம் ஒரு பத்தி, கிடைத்தால் பழைய படத்தோடு. பணம் கியூஆரில் வரும், புத்தகம் அஞ்சலில் போகும். அஞ்சல் செலவை விலையோடு சேர்த்தே சொல்லிவிடுங்கள். தனியாகச் சொன்னால் பேச்சு அங்கேயே நின்றுவிடுகிறது. யார் பெயருக்குக் கையொப்பம் என்று கேட்பேன். அந்தப் பட்டறையில் வேலை பார்த்து இறந்துபோன அப்பாவின் பெயரைப் பலர் சொன்னார்கள். இவர்களில் அநேகம் பேர் இலக்கியக் கூட்டங்களுக்கு வருகிறவர்கள் அல்ல. நல்ல மதிப்புரை வந்திருந்தாலும் இவர்கள் கண்ணில் பட்டிருக்காது.

மிச்சக் கட்டைத் தைப்பூசத்துக்குப் பத்துமலையில் கடை போட்டு விற்கலாம் என்று மனைவி சொல்கிறாள். நான் அந்தக் குழுவினர் கூடும் விருந்தில் ஒரு மேசை கேட்டிருக்கிறேன். வாடகை கிடையாது, ஃபிட்டர் அண்ணன் ஏற்பாடு.