கிளினிக் வாங்கில் ஓடிய வீடியோ

இலங்கையின் நுவரெலியா மாவட்டத்தில் உளவளத்துணை வேலை பார்க்கிறேன். தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒருவரை மனநலக் கிளினிக் வரைக்கும் கூட்டிவருவதிலேயே இந்த வேலையின் பாதி போய்விடும். பஸ் காசு வேண்டும், ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், விட்டுப்போகும். அதையெல்லாம் பேசித் தீர்த்துவிடலாம். "அங்கொடைக்கு அனுப்பிருவாங்களா மிஸ்?" என்ற பயத்தைக் கரைக்கத்தான் நாள் பிடிக்கும். தேசிய மனநல நிறுவகம் இருக்கிற ஊரின் பெயரையே நாம் வசையாக்கி வைத்திருக்கிறோம். அண்மைக்காலமாக இன்னொரு கேள்வியும் சேர்ந்திருக்கிறது: "யாராவது வீடியோ எடுத்துப் போட்டுருவாங்களா?"

அந்தப் பயம் எப்படி உண்டாகிறது என்பதை ஒரு கிளினிக் நாளில் கண்ணால் பார்த்தேன். (ஆட்களின் அடையாளங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.) வெளியே மழை. வாங்கில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தவர்களில் நாலைந்து பேர் ஒரே போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உடம்பு மெலிந்துபோன தமிழ் நடிகர் ஒருவர் ஏதோ விழாவுக்கு நடந்து வருகிறார். பின்னணியில் சிரிப்புச் சத்தம். "போதையா, பைத்தியமா?" என்று மஞ்சளில் கொட்டை எழுத்து. பார்த்தவர்களும் சிரித்தார்கள். வாங்கின் ஓரத்தில், குடியை நிறுத்த மருந்தெடுக்க முதல் தடவையாக வந்திருந்த ஒருவர், கையிலிருந்த கிளினிக் கொப்பியை மடித்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டார். அவருடைய நம்பரைக் கூப்பிட்டபோது ஆள் இல்லை. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற லயத்துக்குப் போய்ப் பேசி, அவரைத் திரும்ப வரவைக்க வெகுநாள் பிடித்தது.

டவுனில் கல்யாண வீடியோ எடிட் பண்ணுகிற தம்பி ஒருவரும் அன்று கிளினிக்குக்கு வந்திருந்தார். "இது செட்டப் மிஸ்" என்று சொல்லி, முழு வீடியோவையும் தேடியெடுத்துக் காட்டினார். அதில் நடிகர் படியேறுகிறார், வணக்கம் சொல்கிறார், ஒழுங்காக நடந்து போகிறார். ஒரேயோர் இடத்தில் பிளாஷ் வெளிச்சம் பட்டுக் கண் பாதி மூடுகிறது. சரியாக அந்த இடத்தில் நிறுத்திப் படமெடுத்திருக்கிறார்கள். கன்னத்து நிழலைக் கறுப்பாக்கி, கண்ணைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டிருக்கிறார்கள். நடையின் வேகத்தையும் குறைத்திருக்கிறார்கள். "வேகத்தைக் குறைச்சா யாரு நடந்தாலும் தள்ளாடுற மாதிரிதான் தெரியும்" என்றவர், தன் போனில் இருந்த கல்யாண வீடியோ ஒன்றை அப்படியே மெதுவாக ஓட்டினார். மணவறைக்கு நடந்து போன மாப்பிள்ளை தள்ளாடினார்.

கிசுகிசு நேற்று வந்ததல்ல, தெரியும். நடிகர்களின் அந்தரங்கத்தை எழுதிப் பிழைத்த 'இந்து நேசன்' பத்திரிகையின் லட்சுமிகாந்தன் 1944 நவம்பரில் சென்னையில் கொலையானார். அந்த வழக்கில் சிறை போன தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் 1947இல்தான் வெளியே வந்தார்கள். ஆனால் அன்றைக்கு அதைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். இன்றைக்குக் கேட்காமலே கைக்குள் வந்து விழுகிறது, எல்லாரும் சேர்ந்து சிரிக்கச் சொல்கிறது. நடிகை சாவித்திரி ஒன்றரை வருடத்துக்கும் மேலாக நினைவு திரும்பாமல் கிடந்து 1981 டிசம்பரில் இறந்தார். அவருடைய குடியைப் பற்றிப் பேச வந்தால் எங்கள் அம்மாமார் "பாவம், அந்தப் புள்ள" என்றுதான் ஆரம்பிப்பார்கள். இந்தக் காலமாக இருந்திருந்தால் அந்தக் கட்டிலைச் சுற்றி எத்தனை போன் நீண்டிருக்கும் என்று நினைத்தாலே மனம் பதறுகிறது.

அமெரிக்கப் பாடகி பிரிட்னி ஸ்பியர்ஸ் 2007இல் தன் தலையைத் தானே மழித்துக்கொண்டபோது, காரைச் சுற்றி வளைத்துப் படமெடுத்தார்கள். அது உலகம் முழுவதும் பகிடியாக ஓடியது. மறுவருடம் நீதிமன்றம் அவரைப் பிறர் பொறுப்பில் விட்டது. 2021 நவம்பரில்தான் அந்தக் கட்டு அவிழ்ந்தது.

இந்தி நடிகர் சுஷாந்த் சிங் ராஜ்புத் 2020 ஜூனில் இறந்த பிறகு நடந்த கூத்து எங்கள் லயங்களுக்கே வந்து சேர்ந்தது. அவருடைய சிகிச்சை விவரங்கள்கூட மாதக்கணக்கில் திரையில் அலசப்பட்டன. அந்த நாட்களில் ஒரு தாய், மகளுக்குக் கொடுத்த மாத்திரை அட்டையைப் பிரிக்காமலே கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். "இது அந்த நடிகரு குடிச்ச மருந்தாமே, எம் புள்ளைக்கு வேணாம் மிஸ்." அந்தப் பிள்ளை இரவில் தூக்கமில்லாமல் அழுதுகொண்டிருந்தவள், மருந்தோடு தேறியிருக்க வேண்டியவள். தற்கொலையால் இறந்தவரைப் பலவீனமான குணமுள்ளவராகக் காட்டக்கூடாது என்று 2021 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றம் ஊடகங்களுக்குச் சொன்னது. நீதிபதிகள் சொல்லித்தான் தெரிய வேண்டுமா இது?

இலங்கையில் இருந்துகொண்டு இதைச் சின்ன விஷயமாக என்னால் பார்க்க முடியவில்லை. 1995இல் இந்த நாட்டில் ஒரு லட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். உலகத்திலேயே மிக உயர்ந்த வீதங்களில் அதுவும் ஒன்று. அந்த எண் பின்னர் வெகுவாக இறங்கியது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக வைத்திருந்த சட்டத்தையும் 1998இல் நீக்கினார்கள். சட்டம் இறக்கிவிட்ட அதே குற்றவாளிக் கூண்டில்தான் இன்று போன் திரை ஆட்களைத் திரும்ப ஏற்றுகிறது.

வேறு மாதிரியும் செய்யலாம். அமெரிக்காவின் சியாட்டில் நகரத்துப் பாடகர் கர்ட் கோபேன் 1994இல் தற்கொலையால் இறந்தபோது, அந்த ஊர் ஊடகங்கள் அவருடைய இசையைப் புகழ்ந்தன, ஆனால் அந்த மரணத்தைப் பெரிதாக்கவில்லை. உதவி எங்கே கிடைக்கும் என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்லின. பயந்ததுபோல் அந்த ஊரில் தற்கொலைகள் கூடவில்லை. உதவி எண்ணுக்கு வந்த அழைப்புகள்தான் கூடின. உலக சுகாதார நிறுவனம் 2000ஆம் ஆண்டிலிருந்து ஊடகக்காரர்களுக்குச் சொல்லிவருவதும் இதைத்தான்: பரபரப்பாக்காதீர்கள், இறந்த விதத்தை விவரிக்காதீர்கள், உதவி கிடைக்கும் இடத்தைச் சொல்லுங்கள்.

டவுனில் சினிமாச் செய்தி போடுகிற பையன்கள் சிலரைச் சந்தித்து இதையெல்லாம் சொன்னேன். நல்ல பிள்ளைகள், தோட்டத்துப் பிள்ளைகள்தான். "நாங்க போடாட்டி வேற ஆள் போடுவான் மிஸ்" என்றார்கள். உங்கள் லயத்தில் யாருக்காவது இப்படி வந்தால் படம் போடுவீர்களா என்று கேட்டேன். ஒருவர் மட்டும் மெதுவாக, "எங்க மாமாவுக்கு இருக்கு" என்றார். அதன் பிறகு பேச்சு வேறு மாதிரிப் போனது. பிரபலங்களின் நோய், மரணச் செய்திகளின் கீழே தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்தைப் போடச் சம்மதித்திருக்கிறார்கள். எந்த நேரமும் பேசலாம் என்பதையும் சேர்த்துப் போடச் சொல்லியிருக்கிறேன். சிவப்பு வட்டத்தை விடத்தான் இன்னும் மனமில்லை, வியூஸ் விழுந்துவிடும் என்கிறார்கள். அடுத்த முறை அந்த எடிட்டர் தம்பியையும் கூட்டிக்கொண்டு போகப்போகிறேன்.