சிவப்பு விழுந்த வரி

"சேர், இந்த லைனில பிழை ஒண்டும் இல்லை."

"சிவப்புக் காட்டுதெல்லோ பிள்ளை. வடிவாப் பாரும்."

பேச்சு இவ்வளவுதான். பிறகு நான் அடுத்த மேசைக்குப் போய்விட்டேன். அவள் சொன்னது சரி. அந்த வரியில் பிழை இல்லை. அதற்கு முந்திய வரியில் இருந்தது.

பைதன் மொழியில் விளையாட்டு எழுத உதவும் பைகேமில் பழகும் எல்லாரும் இந்த இடத்தில் ஒருமுறையாவது விழுவார்கள். படத்தைத் திரையில் வைக்கும் கட்டளை, ஸ்கிரீன்.பிளிட்(படம், (எக்ஸ், வை)). இதில் இரண்டு அடைப்புக்குறிகள் திறக்கின்றன. ஒன்று பிளிட்டுக்கு, மற்றது இடத்தைச் சொல்லும் எக்ஸ், வை சோடிக்கு. உள்ளே இருப்பதை மூடியதும் கண்ணுக்கு எல்லாம் முடிந்த மாதிரித் தெரியும்; வெளியே உள்ளது மூடாமலே கிடக்கும். அவளும் ஒன்றை மூடிவிட்டு அடுத்த வரிக்குப் போயிருந்தாள். அந்த வரி பைகேம்.டிஸ்ப்ளே.அப்டேட்(). அதன் கீழே கிளொக்.டிக்(60). திரும்பத் திரும்ப ஓடும் பகுதியான லூப்புக்கு வெளியே பைகேம்.குவிட்().

அடைப்புக்குறி திறந்திருக்கும் மட்டும் பைதனுக்கு வரி முடிவதில்லை. என்ரர் தட்டியதை அது கணக்கில் எடுக்காது. கீழே வருவதையும் அதே வரியின் தொடர்ச்சியாகத்தான் வாசிக்கும். எக்ஸ், வை சோடி முடிந்தபின் ஒரு கொமா வரவேண்டும், அல்லது மூடும் குறி வரவேண்டும். வந்ததோ "பைகேம்" என்ற சொல். அங்கேதான் அது தடக்கி நின்றது, நாங்கள் பைதன் எழுதி ஓட்டும் மென்பொருளான ஐடில் அந்தச் சொல்லின் மேல் சிவப்பைப் பூசியது. சின்னப் பெட்டி ஒன்று மேலே வந்து "இன்வலிட் சின்டாக்ஸ்", அதாவது எழுதிய முறை பிழை, என்றது. வரி இலக்கம் இல்லை, காரணமும் இல்லை. பைதன் தான் தடக்கிய இடத்தைக் காட்டியது. கல் எங்கே கிடந்தது என்று காட்டவில்லை.

எங்கள் கணினிகளில் இருந்தது பைதன் 3.8. விண்டோஸ் 7இல் ஏறக்கூடிய கடைசிப் பதிப்பு அது, 3.9 அதில் ஓடாது. மைக்ரோசொப்ட் விண்டோஸ் 7க்கான ஆதரவை 2020 ஜனவரி 14ஆம் திகதியோடு நிறுத்திவிட்டது. ஆனால் யாரோ பாவித்து முடித்து அனுப்பிய பெட்டிகளை வைத்து வகுப்பு நடத்துகிற எங்களைப் போன்றவர்களுக்கு அந்தத் திகதியால் எதுவும் மாறவில்லை. 2021 ஒக்டோபரில் வந்த 3.10இல் இந்தப் பிழைக்கான செய்தியையே மாற்றிவிட்டார்கள். அன்றிரவு அவளுடைய கோப்பை வீட்டில் என் மடிக்கணினியில் போட்டு ஓட்டினேன். திறந்த அடைப்புக்குறி மூடப்படவில்லை என்று நேரடியாகச் சொல்லி, பிளிட் இருந்த வரியையே காட்டியது. ஒரே கோப்பு, ஒரே பிழை. எனக்கு ஒரு வரி, அவளுக்கு வேறு வரி. செய்தி சுட்டும் இடத்தில்தான் பிழை இருக்கும் என்ற பழக்கம் எனக்கு அந்த மடிக்கணினியிலிருந்து வந்திருக்க வேண்டும். அதுதான் "வடிவாப் பாரும்" என்று சொல்ல வைத்தது.

இது சாட்டாகவும் இருக்கலாம். 3.8இலேயே பல வருடம் வேலை செய்தவன் நான். சிவப்பு விழுந்த வரி சரியாக இருந்தால் மேல் வரியைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. இரண்டு மேசை தள்ளி நின்று சிவப்பை மட்டும் பார்த்தேன், வரியை வாசிக்கவில்லை.

விசைப்பலகையைத் தொடாமல் விட்டதற்காக நான் வருந்தவில்லை. மாணவர் எழுதிய நிரலில் ஆசிரியர் கைவைக்கக் கூடாது என்பது எங்கள் வகுப்பின் வழக்கம், அது நல்ல வழக்கம் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். நாலு செக்கனில் நான் திருத்திக் கொடுத்தால் பிள்ளை படிப்பது ஒன்றே ஒன்று: சிவப்பு வந்தால் சேரைக் கூப்பிட வேண்டும். உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் எடுக்கிற பிள்ளைகளுக்குப் பைதன் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. சோதனைத் தாளில் சேர் வரமாட்டார். ஆனால் தேடவிடுவதற்கும் தவறான இடத்தைக் காட்டித் தேடவிடுவதற்கும் நடுவில் உள்ள தூரம் பெரியது. நான் செய்தது இரண்டாவது.

அரை மணித்தியாலம் கழித்துத் திரும்பி வந்தேன். பெட்டியில் இப்போது வேறு செய்தி இருந்தது, கோப்பு எதிர்பாராமல் முடிந்துவிட்டது என்று. அந்தச் செய்தியைப் பார்த்ததும் எனக்கு விளங்கியது. பிளிட் வரியில் விரலை வைத்து எண்ணச் சொன்னேன். அவளே ஒரு குறியைப் போட்டாள். ஓட்டிப் பார்க்க எஃப்5 தட்டினாள். சிவப்பு இல்லை. ஜன்னல் கறுப்பாகத் திறந்து அப்படியே நின்றது. படம் வரவில்லை.

"அப்டேட் எங்க பிள்ளை? அது இல்லாமல் எப்பிடித் திரையில வரும்?"

"நீங்கள் அதில பிழை எண்டனீங்கள் சேர். அதான் எடுத்துப்போட்டன்."

அந்த அரை மணித்தியாலத்தில் நடந்ததை ஐடிலில் பின்னோக்கிப் போய்ப் பார்த்தோம். முதலில் பைகேமின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கியிருக்கிறாள். பிறகு அப்டேட்டைப் ஃபிளிப் ஆக்கியிருக்கிறாள். அதுவும் செல்லுபடியான கட்டளைதான். சிவப்பு அசையவில்லை. வரியையே அழித்தாள். சிவப்பு கிளொக்.டிக்குக்கு இறங்கியது. அதையும் அழித்தாள். குவிட்டுக்கு இறங்கியது. அதுவும் போனது. இனி இறங்க வரி இல்லாதபோதுதான் செய்தி மாறியது. சரியான மூன்று வரிகளை ஒன்றன்பின் ஒன்றாக வெட்டியிருக்கிறாள், பிழையான வரி மட்டும் அசையாமல் இருந்தது. கிளொக்.டிக்(60) இல்லாவிட்டால் லூப் ஒரு செக்கனுக்கு 60 தடவையோடு நிற்காது, பெட்டி எவ்வளவு தாங்குமோ அவ்வளவு சுற்றும். பழைய பெட்டிகளில் விசிறிச் சத்தத்தைக் கேட்டே பிடித்துவிடலாம். அவளுடைய பெட்டி இரைந்துகொண்டிருந்ததை நானும் கேட்டேன். தூசி என்று நினைத்தேன்.

இன்னொன்றும் அன்று கண்ணில் பட்டது. ஐடிலில் அடைப்புக்குறி திறந்தபடி என்ரர் தட்டினால் கர்சர் வழமையான இடத்துக்கு வராது. திறந்த குறிக்கு உள்ளே, வலப்பக்கமாகத் தள்ளிப்போய் நிற்கும். "நீ இன்னும் மூடவில்லை" என்று மென்பொருள் தருகிற முதல் சமிக்ஞை அது, சிவப்புக்கு முன்னமே வருவது. பிள்ளைகள் அதைக் கோளாறு என்று எண்ணிப் பக்ஸ்பேஸ் தட்டி இடப்பக்கம் இழுத்துவிடுவார்கள். அவளும் இழுத்துத்தான் இருக்கிறாள். அப்படி இழுக்கக் கூடாது என்று நான் எந்த வகுப்பிலும் சொன்னதில்லை.

இப்போது சொல்கிறேன். கர்சர் தள்ளி நின்றால் கையை எடுத்துவிட்டு மேல் வரியை எண்ணுங்கோ: திறந்தால் ஒன்று கூட்டு, மூடினால் ஒன்று கழி, வரி முடிவில் பூச்சியம் வரவேண்டும். கண்ட்ரோலோடு பூச்சியத்தைத் தட்டினால் கர்சரைச் சுற்றியுள்ள அடைப்புக்குறிச் சோடியை ஐடிலே காட்டித்தரும். சிவப்பு விழுந்த வரியை அழிக்கிறதென்றால் முன்னால் ஹாஷ் அடையாளம் போட்டு மறைத்துப் பாருங்கோ, அதற்குப் பின்னால் இருப்பதைப் பைதன் வாசிக்காது, வரியும் போகாது. மறைத்ததும் சிவப்பு அடுத்த வரிக்கு இறங்கினால் நீங்கள் மறைத்த வரி குற்றமற்றது. அடையாளத்தை எடுத்துவிட்டு மேலே போங்கோ. விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள்தான் கனபேர், அதனால் வாய்க்காலைச் சொல்லி விளங்கப்படுத்தினேன்: தண்ணி நிற்கிற வயலில் உடைப்பைத் தேடுகிறதில்லை, மேல் வரம்பில்தான் தேடுவோம்.

நல்லாய்ச் சொல்லிவிட்டேன் என்று நினைத்தேன். பின்வரிசையிலிருந்து ஒரு பெடியன் கேட்டான், "அப்ப எப்பவும் மேல் வரியோ சேர்?"

எப்பவும் இல்லை. நிபந்தனை சொல்லும் இஃப் வரியின் முடிவில் முக்காற்புள்ளி விட்டுப்போனால் 3.8 அந்த வரியிலேயே காட்டும். ஒப்பிடும் இடத்தில் இரட்டைச் சமனுக்குப் பதிலாக ஒற்றைச் சமன் போட்டால் அந்தச் சமனிலேயே சிவப்பு விழும். ஒரே வரியில் முடியும் மேற்கோளை மூடாவிட்டாலும் அதே வரிதான். வேர்டில் அடித்து அனுப்பிய குறிப்பிலிருந்து பிரதி எடுத்தால் வளைந்த மேற்கோள்குறி வந்து சேரும். அதுவும் அதே வரியில். டாப்பும் ஸ்பேஸும் கலந்தாலும் அப்படித்தான். வட்ட அடைப்புக்குறி, சதுர அடைப்புக்குறி, நெளிவு அடைப்புக்குறி, இந்த மூன்றில் ஒன்று மூடாமல் விட்டால் சிவப்பு கீழே நழுவும். லூப்பைத் தொடங்கும் வைல் வரிக்குக் கீழே உள்ளே தள்ளி எழுத மறந்தாலும் அடுத்த வரியில்தான் காட்டும், ஆனால் அங்கே திருத்த வேண்டியதும் அடுத்த வரியைத்தான். இதையெல்லாம் அவனுக்குச் சொன்னேன். எழுதிக்கொண்டான். "மேல் வரியைப் பார்" என்பதும் "வடிவாப் பாரும்" போல ஒரு அரை உண்மைதானோ என்று அன்று தோன்றியது, இப்போதும் தோன்றுகிறது.

மொழியும் இதில் இருக்கிறது. பைதன் 3இல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம்; வேகம் = 5 என்று எழுதினால் ஏற்றுக்கொள்ளும். பிழைச்செய்தி மட்டும் ஆங்கிலத்தில்தான் வரும். அதனால் பிள்ளைகள் செய்தியை விட்டுவிட்டுச் சிவப்பை மட்டும் பார்ப்பார்கள். அன்று நானும் அதையேதான் பார்த்தேன். ஆனால் அவள் பார்த்தது வரியை. எழுத்தெழுத்தாய் வாசித்து, பிழை இல்லை என்று தீர்மானித்து, அதைச் சத்தமாகவும் சொன்னாள். ஒரு பிள்ளை கணினி ஒரு பக்கம் நிற்கத் தன் கண்ணை நம்புகிறது என்றால் அதை விடப் பெரிய விசயம் இந்தத் தொழிலில் இல்லை. அதை நான் ஒரு சொல்லில் மறுத்துவிட்டேன், அவளும் கேட்டுக்கொண்டாள்.

அவள் வகுப்பை விடவில்லை. விளையாட்டையும் முடித்துவிட்டாள்: மேலிருந்து விழும் தேங்காய்களைக் கூடையில் ஏந்துவது. அவளுடைய கோப்பில் அடைப்புக்குறி உள்ள ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஹாஷ் போட்டு 2, 2 என்றும் 3, 3 என்றும் எழுதியிருக்கிறாள், திறந்தது எத்தனை, மூடியது எத்தனை என்று. யாரும் அப்படி எழுதச் சொல்லவில்லை.

சிவப்பு வந்தால் இப்போது என்னைக் கூப்பிடுவதில்லை. பக்கத்தில் இருக்கிற பிள்ளையிடம் வரியை வாசித்துக் காட்டுகிறாள், இரண்டு பேரும் குனிந்து எண்ணுகிறார்கள். நான் அந்த மேசையைக் கடந்து போனால் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பவும் குனிந்துகொள்கிறாள்.