"பரவாயில்ல டாக்டர்" என்று சொல்வதற்கு முன்

அழுகை நின்றுவிட்டது, வேலைக்குப் போகிறோம், வீட்டிலும் "இப்ப நல்லாயிட்டே" என்கிறார்கள். ஆனால் விடிகாலை 3.30-க்கு முழிப்பு வந்துவிடுகிறது. ஒரே பத்தியை நாலு தரம் படித்தாலும் மண்டையில் ஏறவில்லை. அடுப்பில் பால் வைத்ததே அது பொங்கி வழிந்த பிறகுதான் ஞாபகம் வருகிறது. மனச்சோர்வின் மிச்சம் இது. மனச்சோர்வு சிகிச்சை பற்றிய அமெரிக்காவின் 'ஸ்டார்-டி' ஆய்வில், முதல் மருந்திலேயே குணமானவர்களில்கூட 90 சதவீதத்துக்கு மேற்பட்டோருக்கு ஏதாவது ஓர் அறிகுறி மிஞ்சியிருந்தது. நடுராத்திரி முழிப்பு பாதிப் பேருக்கும் மேல்.

ரிவ்யூவில் கிடைப்பது ஐந்து நிமிஷம். "எப்படி இருக்கீங்க?" "பரவாயில்ல டாக்டர்." அதே மாத்திரை, அடுத்த மாசம். மிச்சம் தங்கிப்போவது இந்த இடத்தில்தான். மிச்சம் இருப்பவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பும் அதிகம்.

அதனால் போவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே அறிகுறிகளைக் குறித்து வைக்க வேண்டும். மனச்சோர்வை அளக்கும் பிஎச்க்யூ-9 படிவத்தில் ஒன்பது கேள்வி, மொத்தம் 27 மதிப்பெண். 5-க்குக் கீழே வந்தால் தேறியதாகக் கணக்கு. மொத்தத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம்: 4 வாங்கியவருக்கு அதில் 3 தூக்கத்துக்கே போயிருக்கலாம்.

ஒவ்வோர் அறிகுறிக்கும் பக்கத்தில், 'மாத்திரைக்கு முன்பே இருந்ததா?' என்று எழுதுங்கள். தாம்பத்திய நாட்டம் குறைவது, வியர்வை, அழுகையும் சிரிப்பும் வராத மரத்த நிலை இவையெல்லாம் பல சமயம் எஸ்எஸ்ஆர்ஐ என்ற வகை மனச்சோர்வு மாத்திரையின் வேலை. மிர்டாசபின் என்ற இன்னொரு மனச்சோர்வு மாத்திரை போட்டால் காலையிலும் தூக்கம் சொக்கும். அசதிக்கு ரத்தத்தில் ஹீமோகுளோபின், டிஎஸ்எச் (தைராய்டு சோதனை), வைட்டமின் பி12 பார்த்துவிடுவது நல்லது, சைவர்களானால் பி12 கட்டாயம்.

மாத்திரைதான் காரணம் என்று தெரிந்ததும் பலர் தாமாகவே நிறுத்திவிடுகிறார்கள். பராக்ஸெடின், வென்லாஃபாக்ஸின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகள் உடம்பிலிருந்து சீக்கிரம் இறங்கிவிடும். இரண்டு மூன்று நாளில் தலைசுற்றல், தலைக்குள் ஷாக் அடித்த மாதிரி ஒரு வெட்டு. நோய் திரும்பிவிட்டதாகப் பயந்துபோவார்கள். டோஸ் குறைப்பதும் மாத்துவதும் டாக்டரோடு பேசித்தான். மனச்சோர்வு முதல்முறை வந்தவர்களுக்கே தேறிய பிறகு குறைந்தது ஆறு மாசம் மாத்திரையைத் தொடர்வது வழக்கம்.

தூக்கத்துக்கு, படுக்கும் நேரத்தைவிட எழும் நேரத்தைக் கட்டிப்போடுவது பலன் தரும். இருபது நிமிஷம் போல புரண்டால் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுங்கள். கடிகாரம் பார்க்க வேண்டாம்.

ஆசையும் ஆர்வமும் பலருக்குக் கடைசியில்தான் வரும். அது வரட்டும் என்று உட்கார்ந்திருந்தால் வராது. மனசில்லாமலே இரண்டு தெரு நடந்துவிட்டு வாருங்கள்.

இரண்டு வாரம் விடாமல் மனசு கனத்தால் ரிவ்யூ தேதிக்குக் காத்திருக்காதீர்கள். சாகத் தோன்றினால் அன்றைக்கே வீட்டில் சொல்லுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.