மைக் பிடிக்கத் தெரியாத சீஷன்

போன ஞாயிறு வாலிபர் கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிற ஒரு தம்பி பக்கத்தில் வந்து நின்றான், ரொம்ப நேரம் பேசவே இல்லை. அப்புறம் கேட்டான்: "அண்ணா, மைக் கைக்கு வந்தாலே எனக்கு தொண்டை அடைச்சிக்குது. அப்ப நான் ஊழியத்துக்கு லாயக்கு இல்லாதவனாண்ணா?"

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. அந்தக் கேள்வியை அவன் மனசுக்குள் போட்டது நாம்தான். வடசென்னையில் தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை பக்கம் நான் போய்ப் பழகிய சபைகளில் சத்தமாக ஜெபிக்கிறவனைத்தான் ஆவிக்குரியவன் என்கிறோம், அமைதியாக ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறவனை "இன்னும் அனல் வரல" என்று சொல்லிவிடுகிறோம், அதுவும் அவன் காதில் விழுகிற மாதிரி.

செவ்வாய்க்கிழமை அவன் வீட்டுப் பக்கம் போய் இயேசுவின் பன்னிரண்டு சீஷர்களில் ஒருவனான அந்திரேயாவைப் பற்றிப் பேசினேன். சுவிசேஷங்களில் அந்திரேயா செய்த பிரசங்கம் என்று ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் யோவான் சுவிசேஷம் 1-ம் அதிகாரத்தில் தன் சகோதரன் பேதுருவை இயேசுவிடம் கூட்டிக்கொண்டு வந்தது அவன்தான். 6-ல் ஐந்து அப்பமும் இரண்டு மீனும் வைத்திருந்த பையனை அத்தனை கூட்டத்தில் கவனித்தவனும் அவன்தான். 12-ல் இயேசுவைப் பார்க்க வந்த கிரேக்கரைப் பற்றி இன்னொரு சீஷனான பிலிப்பு போய்ச் சொன்னதும் அவனிடம்தான். இயேசு உயிர்த்தெழுந்த பிறகு வந்த பெந்தெகொஸ்தே நாளில் பேதுரு எழுந்து பேசி 3000 பேர் சேர்ந்தார்களே, அந்தப் பேதுருவை முதலில் கையைப் பிடித்து அழைத்து வந்தவன் மைக் பிடிக்காத ஒருவன்.

இதற்காகப் பேதுரு மாதிரி ஆட்களைக் குறைத்துச் சொல்லவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் எங்கள் தெருக்களில் தண்ணீர் நின்றபோது, எங்கள் சபையில் எப்போதும் சத்தமாகப் பேசுகிற, சட்டென்று கோபப்படுகிற ஒரு அண்ணன்தான் யாரையும் கேட்காமல் இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார். ஆனால் எந்த வீட்டுக்கு முதலில் போவது என்று அவருக்குத் தெரியவில்லை. காணிக்கைக் கணக்கு எழுதுகிற அக்கா ஒருவர், கூட்டங்களில் வாயே திறக்காதவர், ஒரு நோட்டு வைத்திருந்தார்: யார் தனியாக இருக்கிறார்கள், யாருக்கு சுகர் மாத்திரை வேண்டும், எந்த வீட்டில் கைக்குழந்தை. அந்த நோட்டைப் பார்த்துத்தான் அண்ணன் வீடு வீடாகப் போனார். இரண்டு பேருக்கும் சாதாரண நாளில் ஒத்தே போகாது, அது வேறு விஷயம்.

வேலைகளைப் பற்றிக் கவலைப்படுகிறாய் என்று இயேசு ஒருமுறை சொன்ன மார்த்தாளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் சமையல்கட்டில் நிற்கிற பெண்களைக் கண்டிக்க அவள் பெயரை இழுக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. "நீர் தேவகுமாரனாகிய கிறிஸ்து" என்று யோவான் 11-ல் அறிக்கையிட்டவள் அவள், அதுவும் அவள் சகோதரன் லாசரு செத்து நாலாம் நாள். அடுத்த அதிகாரத்தில் மறுபடியும் பரிமாறிக்கொண்டுதான் இருக்கிறாள், அங்கே இயேசு அவளை ஒன்றும் சொல்லவில்லை. தோமாவும் அப்படித்தான். அவர் வாழ்ந்த, மரித்த இடங்கள் என்று சொல்லப்படுகிற சின்னமலையும் பரங்கிமலையும் இருக்கிற சென்னையில் இருந்துகொண்டு நாமே அவரைச் சந்தேகக்காரன் என்கிறோம். "அவரோடேகூட மரிக்கும்படி நாமும் போவோம் வாருங்கள்" என்று மற்ற சீஷர்களைக் கூப்பிட்டவர் அவர். கேள்வி கேட்கிற பிள்ளைகளை வாயடைக்கிறபோது இது ஞாபகம் வரட்டும்.

அந்தத் தம்பியின் அப்பா காசிமேட்டில் கிழிந்த வலைகளைச் சரிசெய்து கொடுக்கிறவர். நாள் முழுக்கக் குனிந்து உட்கார்ந்து முடிச்சுப் போடுகிற வேலை, அதிகம் பேசமாட்டார். கிளம்புவதற்கு முன் மத்தேயு 4-ஐத் திறந்து காட்டினேன். இயேசு கூப்பிட்டபோது பேதுருவும் அந்திரேயாவும் வலை போட்டுக்கொண்டிருந்தார்கள், யாக்கோபும் யோவானும் படவில் உட்கார்ந்து வலைகளைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்பா செய்ற வேலையாண்ணா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். அப்பாவிடம் காட்ட அந்த வசனத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டான்.