கண்ணாக் காட்டுக்குக் காவல் இருப்பவர்கள்

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், என் அம்மம்மாவின் வளவுக்குப் பின்னால், யாரும் நடாத கண்ணாக் காடு, அதாவது உவர்நீர்ச் சேற்றில் வளரும் கண்டல் காடு, ஒன்று இன்றும் நிற்கிறது. அங்கிருந்து கூப்பிடு தூரத்தில், 2004 சுனாமிக்குப் பிந்திய ஆண்டுகளில் ஒரு நிறுவனம் வரிசை வரிசையாகக் கன்றுகளை நட்டுப் பெயர்ப்பலகையும் வைத்தது. அந்தக் கன்றுகளுக்குக் கட்டிய தடிகள் மட்டும் சில காலம் எஞ்சியிருந்தன. இப்போது பலகையும் இல்லை. ஒரே வாவியில், ஒரே சேற்றில், ஒன்று நிலைத்து மற்றது அழிந்தது ஏன் என்ற கேள்வி பல ஆண்டுகளாக என்னை விடவில்லை.

பாடநூலில் கண்டல் தாவரங்கள் என்று ஒரே பெயரில் அடங்குபவற்றை வாவிக்கரை மக்கள் ஒரே மரமாகப் பார்ப்பதில்லை. அவர்கள் கண்டல் என்று தனித்துச் சொல்லும் மரத்தின் விதை தாய்மரத்திலேயே முளைத்து, முருங்கைக்காய்போல் நீண்டு தொங்கி, முற்றியதும் சேற்றில் விழும். வெண்கண்டல் தன் மூச்சுவேர்களைச் சேற்றுக்கு மேலே நிமிர்த்தி வைத்திருக்கும். தில்லையின் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து என்பதால், விறகுக்குப் போகிறவர்கள் அதில் கத்தி வைக்கமாட்டார்கள். கிண்ணை, நன்னீர் வந்து கலக்கும் கரையை நாடும். வாழைச்சேனைக்கு அருகிலுள்ள கிண்ணையடி என்னும் ஊர் அந்த மரத்தின் பெயரையே தாங்கியிருக்கிறது. எந்த மரம் எந்த மட்டத்து நீரைப் பொறுக்கும் என்பது தோணியில் சவள் என்னும் துடுப்பைப் பிடித்து வளர்ந்தவர்களுக்குத் தெரியும். அன்று நடவந்தவர்கள் அவர்களிடம் கேட்கவில்லை. எளிதாகக் கிடைத்த கண்டல் முளைகளை, நீர் வற்றாத தாழ்ந்த சேற்றில் ஊன்றிவிட்டுப் போனார்கள்.

இது எங்கள் ஊருக்கு மட்டும் நேர்ந்ததன்று. சுனாமிக்குப் பின் இலங்கையில் கண்டல் நடப்பட்ட 23 இடங்களை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வின்படி, நடப்பட்ட 1,000 முதல் 1,200 ஹெக்டேரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே தேறியது. 9 இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. பொருந்தாத இடம், நட்டபின் பராமரிப்பின்மை, மாடுகளின் மிதிப்பு எனக் காரணங்கள் பல. அந்த ஆய்வைப் படித்தபோது எங்கள் கரையின் கதையையே யாரோ எழுதியிருப்பதாக உணர்ந்தேன்.

ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுள்ள இந்த வாவியின் நீரும் நிலையானதன்று. கோடையில் முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொள்ளும். மாரியில் வெள்ளம் ஏறும்போது, வயல் மூழ்காமலிருக்க அந்த மணலை வெட்டும்படி விவசாயிகள் கேட்பார்கள், இறாலும் மீனும் வாவியில் தங்கி வளரும்வரை பொறுக்கும்படி மீனவர்கள் கேட்பார்கள். இரண்டு பக்கத்திலும் நியாயம் உண்டு. முகத்துவாரம் திறந்திருக்கும் காலத்தைப் பொறுத்து நீரின் உப்பும் மட்டமும் மாறுகின்றன. கரையில் விழும் விதை பிடிப்பதும் மிதந்து போவதும் பெரும்பாலும் அதைப் பொறுத்ததே.

2015இல் அரசும், சுதீச, சீக்கோலொஜி என்னும் இரு அமைப்புகளும் சேர்ந்து, நாட்டின் கண்டல் காடுகள் முழுவதையும் பாதுகாக்கும் திட்டமொன்றை அறிவித்தன. வாவிக்கரைப் பெண்களுக்குப் பயிற்சியும் சிறுகடனும் கொடுத்து, காட்டின் காவலை அவர்களிடம் ஒப்படைப்பதே அதன் அடிப்படை. பெண்களிடம் ஒப்படைத்தது சரியான முடிவு என்றே நான் நினைக்கிறேன். ஏனென்றால், அத்தாங்கு என்னும் கைவலை கொண்டு இறால் வடிக்க இடுப்பளவு நீரில் இறங்கும் பெண்களின் கண்ணில்தான், வெட்டிய கிளையும் கரையில் புதிதாகக் கொட்டிய மண்ணும் முதலில் படுகின்றன.

எங்கள் ஊரில் அந்தத் திட்டம் வருவதற்கு முன்பே மாமியும் அயலிலுள்ள நான்கைந்து பெண்களும் இதைச் செய்துவந்தார்கள். பச்சை மரத்தில் கை வைப்பதில்லை, காய்ந்து விழுந்ததை மட்டும் எடுப்பது என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன், காணி பெருக்குவதற்காகச் சிலர் உழவு இயந்திரத்தில் இரவோடிரவாக மண் கொண்டுவந்து கரையை நிரப்பத் தொடங்கினார்கள். உரிய அலுவலகத்துக்கு மூன்று முறை எழுதியும் பதில் வராததால், மாமியும் மற்றப் பெண்களும் முறைவைத்து அந்தப் பாதையில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். பதினொரு இரவுகளுக்குப் பின் இயந்திரம் வருவது நின்றது. கொட்டிய மண் இன்னும் அப்படியே கிடக்கிறது.

நடுகை தோற்ற இடத்துக்குக் குறுக்கே கிடந்த பழைய வரம்பைச் சென்ற ஆண்டு மீனவர் சங்கத்தினர் இரண்டு இடத்தில் வெட்டிவிட்டார்கள். நீர் ஏறி இறங்கத் தொடங்கியது. மாரி வடிந்தபின் மாமி என்னை அங்கே கூட்டிக்கொண்டு போய், ஒருவரும் நடாத வெண்கண்டல் கன்றுகளைக் காட்டினார். நான் எண்ணியபோது முப்பத்தொன்று இருந்தன; அடுத்த வாரம் மாடுகள் ஆறைக் கடித்திருந்தன. அறுவடை முடிந்து மாடுகள் அவிழ்த்து விடப்படுமுன் முட்கம்பி அடித்துவிட வேண்டும் என்று மாமி இப்போது வீடு வீடாகக் காசு சேர்க்கிறார்.