ஜூன்ல துபாய் வர்ற தம்பிகளுக்கு, தண்ணி பத்தி

துபாய்க்கு புதுசா வேலைக்கு வர்ற நம்ம பசங்களுக்கு சம்பளம், ரூம், ஓவர்டைம் பத்தியெல்லாம் சொல்லி அனுப்ப ஊர்ல நாலு பேர் இருக்காங்க, தண்ணி எப்படி குடிக்கணும்னு சொல்லத்தான் ஆள் இல்ல. நான் பில்டிங் சைட்ல வேலை பாக்கறேன், பல வருஷமா இங்கதான், அதனால எழுதறேன்.

ராமநாதபுரத்து பசங்க வந்ததும் சொல்றது, "நாங்க பாக்காத வெயிலாண்ணே". பாத்திருப்பீங்க தம்பி, ஆனா இது வேற வெயில். ஜூலை, ஆகஸ்ட்ல 45 டிகிரி எல்லாம் சாதாரணம், கடலோரம்ங்கறதால காத்துல ஈரம் வேற, வேர்வை காயவே காயாது, சட்டை நனைஞ்சு முதுகோட ஒட்டிக்கும், வேர்வை காஞ்சாத்தானே உடம்பு குளிரும், காயலன்னா உள்ள சூடு ஏறிக்கிட்டே போகும். கம்பி கட்டுறது, ஷட்டரிங் மாதிரி வேலைல ஒரு மணி நேரத்துல ஒரு லிட்டர் வேர்வை போயிடும். உடம்பு இதுக்குப் பழக ஒண்ணு ரெண்டு வாரம் ஆகும், அந்த நாள்லதான் ரொம்ப கவனமா இருக்கணும்.

தாகம் எடுக்கட்டும்னு காத்திருக்காதீங்க, அது எடுக்கறதுக்குள்ள உடம்புல தண்ணி குறைஞ்சிருக்கும். வெயில்ல நிக்கும்போது 15, 20 நிமிஷத்துக்கு ஒரு டம்ளர், அவ்வளவுதான். அதுக்காக ஒரேயடியா ரெண்டு மூணு லிட்டர் உள்ள தள்ளவும் கூடாது, வேர்வைல உப்பும் சேர்ந்துதான போகுது, வெறும் தண்ணியா ஊத்திக்கிட்டே இருந்தா ரத்தத்துல உப்பு குறைஞ்சு தலைவலி, வாந்தி, குழப்பம்னு வேற பக்கம் இழுத்துட்டுப் போயிடும். நடுவுல ஓஆர்எஸ், அதான் உப்பும் சர்க்கரையும் சேர்ந்த பவுடர், தண்ணில கலந்து குடிங்க, இல்ல லபான் குடிங்க, கடைக்கு கடை கிடைக்கும், நம்ம மோர் மாதிரிதான். பெப்சி, மௌண்டன் டியூ எல்லாம் தண்ணி கணக்குல வராது.

பசங்க குடிக்காததுக்கு நான் பாத்த பெரிய காரணம் பாத்ரூம். இருபதாவது மாடில வேலை, பாத்ரூம் கீழ, ஹாய்ஸ்ட், அதான் சைட் லிஃப்ட், வர்ற வரைக்கும் நிக்கணும், ஃபோர்மேன் ஒரு மாதிரி பாப்பார், எதுக்கு வம்புன்னு பாட்டிலைத் தொடவே மாட்டாங்க. எங்க ரூம்ல ஒரு தம்பி, சிவகங்கைப் பக்கம், இப்படியே ஒரு சம்மர ஓட்டினான். ஒரு நாள் ராத்திரி இடுப்புல ஆரம்பிச்ச வலி அடிவயித்துக்கு இறங்கி, பெட்ல படுக்கவும் முடியாம உக்காரவும் முடியாம கட்டில் கம்பியப் புடிச்சுக்கிட்டு நிக்கறான், முகமெல்லாம் வேர்த்துப் போச்சு. ஸ்கேன்ல கிட்னி ஸ்டோன். தண்ணி பத்தலன்னா யூரின் கெட்டியாகி அதுல இருக்கற உப்பெல்லாம் படிஞ்சு கல்லாகும்னு டாக்டர் அவனுக்கு விளக்கினாராம். வீட்டுக்கு அனுப்ப வெச்சிருந்த காசு வைத்தியத்துக்குப் போச்சு, அவன் அம்மாகிட்ட இன்னும் சொல்லல.

அதனால யூரின் கலரைப் பாருங்க. வெளிர் மஞ்சளா இருந்தா சரி, டீ டிகாஷன் மாதிரி இருந்தா உடனே தண்ணி குடிங்க. பாத்ரூம் போறதுக்கு யாரு முகத்தையும் பாக்காதீங்க, அது உங்க கிட்னி.

ஜூன் 15ல இருந்து செப்டம்பர் 15 வரைக்கும் மத்தியானம் 12:30ல இருந்து 3 மணி வரை வெயில்ல வேலை வாங்கக் கூடாதுன்னு இங்க சட்டமே இருக்கு, நிழலும் குடிதண்ணியும் கம்பெனிதான் குடுக்கணும். அந்த நேரத்துல ஃபோன நோண்டாம நல்லா குடிச்சுட்டுப் படுங்க. ராத்திரியே பாட்டில்ல பாதி தண்ணி ஊத்தி ஃப்ரீசர்ல வெச்சு, காலைல மீதிய ஊத்தி ஈரத்துணி சுத்தி எடுத்துட்டுப் போனா மத்தியானம் வரைக்கும் ஜில்லுன்னு இருக்கும்.

கூட வேலை பாக்கறவன் திடீர்னு உளற ஆரம்பிச்சாலோ, உடம்பு நெருப்பா கொதிச்சாலோ, நிழலுக்குத் தூக்கிட்டுப் போயி உடம்பெல்லாம் தண்ணி ஊத்தி விசிறிவிட்டு 998க்கு அடிங்க, ஆம்புலன்ஸ் வரும். மயக்கத்துல இருக்கறவன் வாயில மட்டும் தண்ணி ஊத்திடாதீங்க, மூச்சுக்குழல்ல போயிடும்.